லண்டனில் காசு கொடுத்து புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

கேட்டவருக்கு 54 வயது. பூர்வீகம் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணாவுக்கு 59 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுவை சிகிச்சையும் முடிந்திருக்கிறது. அந்தப் பயத்தில் இவர் ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) கேட்டு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்தார். புராஸ்டேட், அதாவது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது; புற்றுநோய் இருந்தால் கூடலாம். 2.8 என்று வந்தது. "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று ஜி.பி. சொல்லிவிட்டார். ஒரு தனியார் நிலையம், டாக்டர் கடிதம் இல்லாமலே சில நூறு பவுண்டுக்குப் புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்கிறது. போகலாமா, அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடலாமா என்பது கேள்வி.

நான் பிரிட்டனில் எம்.ஆர்.ஐ. ரேடியோகிராபராக வேலை செய்கிறேன். புராஸ்டேட் ஸ்கேன் எங்கள் அறையில் அன்றாட வேலை. படத்தைப் படித்து அறிக்கை எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், சிகிச்சையை முடிவு செய்பவர் யூராலஜிஸ்ட். நான் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பார்ப்பவன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

போகலாம். ஆனால் இந்த வாரமே பணம் கட்ட வேண்டாம். என்.எச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவச் சேவையில்) இலவசமாகக் கிடைக்க வேண்டிய சில விஷயங்கள் உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவற்றை முதலில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகும் ஸ்கேன் வேண்டுமென்று தோன்றினால், அந்த அறிக்கையைக் கையில் எடுத்து அடுத்த அடியை வைக்கப்போகும் டாக்டர் யார் என்று முடிவு செய்துவிட்டு எடுங்கள். பின்னால் ஒரு டாக்டர் இல்லாத ஸ்கேன், பலருக்கு நிம்மதியைவிடக் குழப்பத்தைத்தான் கொடுத்திருக்கிறது.

முதலில் அந்த 2.8-ஐப் பார்ப்போம். அறிகுறி எதுவும் இல்லாத 50 முதல் 69 வயது வரையான ஆண்களை, பி.எஸ்.ஏ. 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்கிலாந்தில் ஜி.பி.க்களுக்கு உள்ள வழிகாட்டல். சிறுநீர்த் தொல்லை மாதிரி அறிகுறி இருப்பவர்களுக்கு வயதுவாரியாக வேறு எல்லை உண்டு: நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் ஜி.பி. விதியை மீறவில்லை. ஆனால் 2.8 எல்லைக்கு மிக அருகில் நிற்கிற எண். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணும்கூட. பி.எஸ்.ஏ. நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பரிசோதனைக்கு முந்தின 48 மணி நேரத்தில் விந்து வெளியேறியிருந்தாலோ, கடுமையான உடற்பயிற்சியோ நீண்ட சைக்கிள் சவாரியோ செய்திருந்தாலோ கூடுதலாகக் காட்டலாம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம்வரை அந்த எண்ணை நம்ப முடியாது. மறுபக்கம், புராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி கொட்டுவதற்கோ ஃபினாஸ்டெரைடு எடுப்பவர்களுக்கும், வீக்கத்துக்கு டுட்டாஸ்டெரைடு எடுப்பவர்களுக்கும் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அப்படி ஒரு மாத்திரை நீங்கள் எடுத்தால் உங்கள் 2.8 உண்மையில் ஐந்துக்கு மேல். இதை யாராவது கேட்டார்களா?

அடுத்தது அண்ணா. அப்பாவுக்கோ சகோதரனுக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. அந்த உறவினருக்கு 60 வயதுக்குள் வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். உங்களுடைய விஷயம் சரியாக அந்த வகை.

நம்மவர்களிடம் இதில் ஒரு எண்ணம் இருக்கிறது, வெள்ளைக்காரருக்கும் கறுப்பினத்தவருக்கும் வருகிற நோய் இது, நமக்கு அவ்வளவாக வராது என்று. அதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் எடுத்த கணக்குப்படி, வாழ்நாளில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு வெள்ளை ஆண்களில் எட்டில் ஒருவருக்கு, கறுப்பின ஆண்களில் நான்கில் ஒருவருக்கு, ஆசிய ஆண்களில் பதின்மூன்றில் ஒருவருக்கு. ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அதனாலேயே இறப்பவர்களின் விகிதம் மூன்று இனத்தவர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மூன்றில் ஒருவர். வருவது குறைவு, வந்தால் நமக்கென்று தனிச் சலுகை கிடையாது. அதோடு 59 வயதில் நோய் வந்த ஒரு சகோதரன் இருக்கும்போது அந்தப் பதின்மூன்றில் ஒன்று என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே ஜி.பி.யிடம் திரும்பிப் போங்கள். மேலே சொன்னபடி 48 மணி நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு பி.எஸ்.ஏ.வை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். 50 வயதைத் தாண்டிய எந்த ஆணும், நன்மை தீமையை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் வேண்டுமென்று சொன்னால், இந்தப் பரிசோதனையை என்.எச்.எஸ்.ஸில் இலவசமாகப் பெற உரிமை உண்டு. அண்ணாவின் வயதையும் நோயின் விவரத்தையும் உங்கள் மருத்துவப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். எண் 3-ஐத் தொட்டால் அவசரப் பரிந்துரை கேளுங்கள். தொடாவிட்டாலும், குடும்ப வரலாற்றை வைத்து ஒரு யூராலஜிஸ்டிடம் எழுதி ஆலோசனை கேட்கும்படி ஜி.பி.யிடம் சொல்லலாம். அதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டதை மறந்துவிடுவார்கள், எழுத்துக்குப் பதில் வந்தாக வேண்டும்.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன், அது ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதற்கும்.

முன்பெல்லாம் பி.எஸ்.ஏ. கூடினால் நேராக பயாப்ஸிதான். மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் குழாயை விட்டு, புராஸ்டேட்டில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசியால் குத்திச் சதை எடுப்பார்கள். எங்கே குத்துகிறோம் என்பது ஓரளவு குருட்டாம்போக்குத்தான். 2017-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ப்ராமிஸ் ஆய்வின் முடிவு வெளிவந்தது. 576 ஆண்கள் ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, பழைய பயாப்ஸியும் செய்து, மூன்றாவதாக ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு ஊசி வீதம் சுரப்பி முழுவதையும் துளைத்துப் பார்த்து ஒப்பிட்டார்கள். கவனிக்க வேண்டிய புற்றுநோய் இருந்த 100 பேரில் எம்.ஆர்.ஐ. 93 பேரைப் பிடித்தது. பழைய பயாப்ஸி பிடித்தது 48 பேரை. பாதிக்கு மேற்பட்டவர்களைக் கோட்டை விட்ட ஒரு பரிசோதனையை இத்தனை வருடம் செய்துவந்திருக்கிறோம் என்பது அன்று எங்கள் துறையில் பெரிய அதிர்ச்சி. அடுத்த வருடம் ப்ரிசிஷன் ஆய்வு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தை மட்டும் குறிவைத்து பயாப்ஸி செய்தால் ஆபத்தான புற்றுநோய் அதிகம் பிடிபடுகிறது, ஆபத்தில்லாதது குறைவாகப் பிடிபடுகிறது, கால்வாசிப் பேருக்கு மேல் பயாப்ஸியே தேவைப்படவில்லை என்று அது காட்டியது. 2019-இல், மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ. என்பதை வழிகாட்டலாகவே ஆக்கியது. இந்த வரிசை நோயாளிகளுக்குக் கிடைத்த பெரிய நன்மை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் பி.எஸ்.ஏ. கூடியிருந்த, ஏற்கெனவே சந்தேகம் எழுந்த ஆண்களில் கிடைத்தவை. விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். அதே ப்ராமிஸ் ஆய்வின் மற்ற பாதியையும் பாருங்கள். கவனிக்க வேண்டிய புற்றுநோய் இல்லாத ஆண்களில் 100-க்கு 59 பேருக்கு எம்.ஆர்.ஐ. சந்தேகம் கிளப்பியது. பழைய அழற்சி, வயதோடு வருகிற கட்டிகள், எப்போதோ வந்துபோன தொற்றின் வடு எல்லாம் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும். நம் நாட்டவர்களில் காசநோய்த் தடமும் அப்படிக் காட்டலாம். சரி, ஒன்றுமில்லை என்று வந்தால்? எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கவனிக்க வேண்டிய புற்றுநோய் இருந்தது. உங்களைப் போல எண் குறைவாக இருப்பவர்களில் அது இன்னும் குறைவாக இருக்கும், பூஜ்யமாக இருக்காது.

ஆகவே "ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாமா" என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: இன்றைக்கு நிம்மதியாக இருக்கலாம், பி.எஸ்.ஏ. எடுப்பதை நிறுத்த முடியாது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது, எந்த எண்ணைத் தொட்டால் மறுபடி பார்ப்பது என்று ஒரு திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ. குறைவாக இருந்தும் புற்றுநோய் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ரீஇமேஜின் என்ற லண்டன் ஆய்வில், எந்தச் சந்தேகமும் இல்லாத 50 முதல் 75 வயது ஆண்களை அழைத்து எம்.ஆர்.ஐ.யும் பி.எஸ்.ஏ.யும் எடுத்தார்கள். 303 பேரில் 48 பேருக்குப் படத்தில் ஏதோ தெரிந்தது. அந்த 48 பேரில் 32 பேருக்கு பி.எஸ்.ஏ. 3-க்குக் கீழே. உங்கள் பயம் ஆதாரமில்லாத பயம் அல்ல. சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய்க்கு 47 வயதில் நோய் தெரிந்தபோது அது ஏற்கெனவே எலும்புவரை பரவியிருந்தது. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருக்கிறது. அவர் அதை 2024-இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகு பரிசோதனைக்குப் போன ஆண்கள் ஏராளம்.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் எடுப்பதில்லை என்று கேட்பீர்கள். இந்த நோயில் பெரும்பகுதி மிக மெதுவாக வளர்வது. எழுபதுகளில் வேறு காரணத்தால் இறந்த ஆண்களைப் பரிசோதித்த ஆய்வுகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருந்தது. அவர்களுக்கே அது தெரியாது. 2023-இல் வெளியான ப்ரொடெக்ட் ஆய்வில், சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் இருந்த 1,643 ஆண்களைச் சுமார் 15 வருடம் தொடர்ந்தார்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100-க்கு மூன்று பேர் அளவில்தான். சிகிச்சையின் விலையோ சிறுநீர் கசிவு, தாம்பத்திய வாழ்வில் கோளாறு என்று வருடக்கணக்கில் கூடவே வருவது. தேடிப்போய்க் கண்டுபிடிப்பது எப்போதும் நன்மை என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவுப் பரிந்துரையும், பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் (பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டுகிற, பரம்பரையாக வருகிற மாற்றம்) உள்ள 45 முதல் 61 வயது ஆண்களுக்கு மட்டும் முறையான பரிசோதனை என்ற அளவில் நின்றது. குடும்ப வரலாறு மட்டும் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அதே மாதம் தொடங்கிய ட்ரான்ஸ்ஃபார்ம் என்ற பெரிய ஆய்வு, பி.எஸ்.ஏ., விரைவு எம்.ஆர்.ஐ., எச்சில் வழி மரபணுச் சோதனை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதில் நீங்களாகப் போய்ச் சேர முடியாது. ஜி.பி. வழியாக அழைப்புக் கடிதம் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எடுப்பதென்று முடிவு செய்தால், எதை வாங்குகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

"முழு உடல் எம்.ஆர்.ஐ." வேண்டவே வேண்டாம். அது தலை முதல் தொடைவரை மேலோட்டமாகப் பார்ப்பது. புராஸ்டேட் ஸ்கேன் என்பது அந்தச் சிறிய சுரப்பியை மூன்று மில்லிமீட்டர் தடிமனில் வெட்டி வெட்டிப் பார்ப்பது. சுரப்பியின் அமைப்பைக் காட்டும் டி2 படம், நீர் மூலக்கூறுகள் நகரும் வேகத்தைக் காட்டும் டிஃப்யூஷன் படம், கையில் ஊசி போட்டு எடுக்கும் கான்ட்ராஸ்ட் படம் என்று மூன்று வகை. புற்றுநோய்ச் செல்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால் அங்கே நீர் நகராது, அதனால் டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் தனித்துத் தெரியும். ஊசி இல்லாமல் முதல் இரண்டு மட்டும் எடுக்கும் ஸ்கேனை மட்டமானது என்று நினைக்க வேண்டாம். 2025-இல் வெளியான ப்ரைம் ஆய்வில், படத்தின் தரம் நன்றாக இருந்தால் ஊசியில்லாத ஸ்கேனும் ஆபத்தான புற்றுநோயை அதே அளவுக்குக் கண்டுபிடித்தது. "தரம் நன்றாக இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசியில்லாத ஸ்கேனில் டிஃப்யூஷன் படம் கெட்டுப்போனால் துணைக்கு வேறு படம் இல்லை. மலக்குடலில் வாயு நிறைந்திருந்தாலே அந்தப் படம் நெளிந்துவிடும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்த உலோகமும் அதைக் கெடுக்கும். இடுப்பில் உலோகம் இருந்தால் முன்பே சொல்லி, எடுத்துப் பயன் உண்டா என்று கேளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் நிலையத்திடம் கேட்க வேண்டியவை: புராஸ்டேட் படங்களை வாடிக்கையாகப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட்தான் அறிக்கை எழுதுவாரா? அவர் ஏதாவது மருத்துவமனையில், டாக்டர்கள் கூடி நோயாளிகளைப் பற்றி முடிவெடுக்கும் புராஸ்டேட் குழுக் கூட்டத்தில் உட்காருபவரா? சந்தேகத்தின் அளவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுப்பாரா, சுரப்பியின் கன அளவை எழுதுவாரா, படத்தின் தரம் போதுமானதா என்று குறிப்பிடுவாரா? இயந்திரத்தின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்பதைப் பலர் முதலில் கேட்கிறார்கள். சரியாக அமைத்த 1.5 டெஸ்லா போதும். படிப்பவரின் அனுபவம் அதைவிட முக்கியம். ஒரே படத்துக்கு இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் வெவ்வேறு மதிப்பெண் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கன அளவு ஏன் வேண்டும் என்றால், அதை வைத்துத்தான் உங்கள் 2.8-க்கு அர்த்தம் கிடைக்கும். பி.எஸ்.ஏ.யைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தால் வருவது பி.எஸ்.ஏ. அடர்த்தி. சுரப்பி 50 மில்லிலிட்டர் என்றால் 2.8-ஐ 50-ஆல் வகுக்க 0.056; பெரிய சுரப்பி, அதற்கேற்ற பி.எஸ்.ஏ. என்று விடலாம். அதே 2.8 வெறும் 18 மில்லிலிட்டர் சுரப்பியிலிருந்து வந்தால் 0.156. பொதுவாக 0.15-ஐத் தாண்டினால் யூராலஜிஸ்டுகள் கூடுதல் கவனம் எடுப்பார்கள், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் பயாப்ஸி பற்றிப் பேசுவார்கள். இந்தக் கணக்கை உங்களுக்கு யாரும் செய்து தராவிட்டால் நீங்களே செய்யலாம்.

மதிப்பெண் ஒன்றும் இரண்டும் சந்தேகம் குறைவு. நான்கு, ஐந்து என்றால் பயாப்ஸி பக்கம் போக வேண்டும். மனதைக் குடைவது மூன்று. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற எண் அது. மூன்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தான புற்றுநோய் இருப்பதில்லை, ஆனால் அதைத் தெரிந்துகொள்ள பயாப்ஸியோ மாதக்கணக்கில் காத்திருப்போ வேண்டும். தனியாகப் போய் ஸ்கேன் எடுத்து, மின்னஞ்சலில் "மூன்று" என்று அறிக்கை வந்து, வெள்ளிக்கிழமை இரவு அதைத் திறந்து படிக்கும் நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் டாக்டரை முன்பே பிடித்துவையுங்கள் என்கிறேன். ஒரு யூராலஜிஸ்டைத் தனியாகப் பார்க்கும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் ஸ்கேனின் விலையைக் கணக்கிட வேண்டும். ஸ்கேன் மட்டும் சில நூறு பவுண்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். தனியார் பயாப்ஸி என்றால் ஆயிரக்கணக்கில்.

ஆனால் அந்த இடத்தில் காசு தீர்ந்துவிட்டதே என்று தவிக்க வேண்டியதில்லை. தனியாரில் ஸ்கேன் எடுத்ததால் என்.எச்.எஸ். கதவு மூடிவிடாது. அறிக்கையில் சந்தேகம் இருந்தால் ஜி.பி. உங்களை அவசரப் புற்றுநோய்ப் பரிந்துரையில் அனுப்பலாம். அந்த வழியில் 28 நாளுக்குள் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்வது என்.எச்.எஸ். வைத்திருக்கும் இலக்கு. எல்லா இடத்திலும் அது நிறைவேறுவதில்லை, ஆனாலும் கேட்க ஒரு அளவுகோல் இருக்கிறது. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களையே மருத்துவமனைக்கு மின்வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே அவர்களுடைய குழு படங்களை மறுபடி படிக்கும். தரம் போதாவிட்டால் திரும்பவும் ஸ்கேன் எடுப்பார்கள். மலிவான இடத்தில் எடுப்பதால் வரும் உண்மையான நட்டம் அதுதான்.

ஒரு வரிசை மட்டும் மாறக் கூடாது: ஸ்கேன் முதலில், பயாப்ஸி பிறகு. பயாப்ஸி செய்த சுரப்பியில் ரத்தக் கசிவு வாரக்கணக்கில் படத்தை மறைக்கும். பயாப்ஸியும் இப்போது பல மருத்துவமனைகளில் மலக்குடல் வழியாக இல்லாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்கிறார்கள். தொற்று அபாயம் குறைவு. எந்த முறை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று, இதை ஈழத்திலிருந்து வந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். ஸ்கேனுக்கு முன் ஒரு பாதுகாப்புப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் வைத்த கருவி உண்டா, கண்ணில் இரும்புத்தூள் பட்டதா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். உடலில் ஷெல் துண்டோ தோட்டாவோ இருக்கிறதா என்ற கேள்வியும் அதில் இருக்கும். முப்பது வருடத்துக்கு முந்தின காயம், வலியும் இல்லை, இதை எதற்குச் சொல்வது என்று "இல்லை" என்று போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். போர் நினைவைக் கிளற விருப்பமில்லாமலும் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. ஆனால் தயவுசெய்து சொல்லுங்கள். இரும்புத் துண்டை அந்தக் காந்தம் இழுக்கும். தசைக்குள் பல வருடமாகப் புதைந்த துண்டு பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. கண்ணுக்குள்ளோ, முதுகுத்தண்டுக்குப் பக்கத்திலோ, பெரிய ரத்தக்குழாய் அருகிலோ இருந்தால் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். காயம் எப்படி வந்தது, எந்தப் பக்கத்தில் நின்று வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்கேன் நாளுக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால் வீணாக அலைய வேண்டியதில்லை. உங்கள் உடம்பில் எதுவும் இல்லையென்றாலும் இதை நண்பர்களிடம் சொல்லுங்கள்.

ஸ்கேனுக்குள் கஷ்டம் எதுவும் இல்லை. மல்லாந்து படுக்க வேண்டும், இடுப்பின் மேல் ஒரு தட்டையான கருவியை வைப்பார்கள். ஊசியில்லாதது கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, ஊசியுடன் என்றால் அரை மணிக்கு மேல். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்புத் தருவார்கள். வருவதற்கு முன் மலம் கழித்துவிட்டு வாருங்கள், படத்துக்கு அது பெரிய உதவி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் சொல்ல வேண்டும்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுள் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ எடுக்கும் யோசனையில் இருந்தால், தனியாரில் எடுத்த ஸ்கேன் முடிவையும் கேட்கும்போது சொல்லியாக வேண்டும். மறைத்தால் பின்னால் பணம் தர மறுப்பார்கள். அறிகுறி இல்லாமல் நீங்களாக எடுக்கும் பரிசோதனைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. பி.எஸ்.ஏ.வை ஒழுங்காக மறுபடி எடுப்பேன். 3-ஐத் தாண்டினால் என்.எச்.எஸ். வழியாகவே போவேன், அங்கே எம்.ஆர்.ஐ. இலவசம், அதைப் படிக்கும் குழுவும் கூடவே இருக்கிறது. தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மட்டும் தனியாரில் ஸ்கேனை முன்னால் எடுத்துக்கொள்வேன். எண் 2.8 அளவிலேயே நின்று, ஜி.பி.யும் யூராலஜிஸ்டிடம் கேட்க மறுத்து, பயமும் போகவில்லை என்றால், முதலில் தனியார் யூராலஜிஸ்ட் ஒருவரைப் பார்த்து அவருடைய கடிதத்தோடு ஸ்கேனுக்குப் போவேன். குடும்ப வரலாறு இருக்கும் உங்களுக்கு அந்தச் செலவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத, பி.எஸ்.ஏ. 0.8 உள்ள ஒருவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதற்கெல்லாம் முன்னால் கனடாவுக்கு ஒரு போன் போடுங்கள். அண்ணாவிடம் பயாப்ஸி அறிக்கையில் இருந்த க்ளீசன் எண் (புற்றுநோய் எவ்வளவு மூர்க்கமானது என்று காட்டும் எண்) என்ன என்று கேளுங்கள். மூன்றும் மூன்றும் ஆறு என்பது வேறு, நான்கும் நான்கும் எட்டு என்பது வேறு. அதைக் கேட்டதும் இங்குள்ள டாக்டரின் கவனம் மாறும். அவருக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்த பெண்கள் இருக்கிறார்களா என்று வீட்டில் பெரியவர்களிடம் விசாரியுங்கள். நம் குடும்பங்களில் "வயிற்றில் கட்டி" என்று சொல்லி மூடிவைத்த மரணங்கள் நிறைய. அண்ணாவுக்கு பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் இருப்பதாகத் தெரிந்தால், உங்களுக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்போது என்.எச்.எஸ். மரபணுப் பிரிவுக்கு ஜி.பி. உங்களை அனுப்ப வேண்டும். உங்கள் சகோதரிகளுக்கும் மகள்களுக்கும் அந்தத் தகவல் உங்களுக்கு இருப்பதைப் போலவே முக்கியம்.